வடக்கு பார்த்த பேனல்கள்

மே 28

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் ஒருவாறு இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உன் மனைவிக்கு முழங்கால் வலி தேவலையா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடமே கேட்க நினைத்தாளாம், நீ சிரிக்க வைத்ததில் மறந்துவிட்டாளாம்.

நீ வாங்கி அனுப்பிய பேனல்கள் ஆறும் உடையாமல் வந்து சேர்ந்தன. பேட்டரியும் இன்வெர்ட்டரும் மறுநாள் வந்தன. பேனல்களைக் கூடத்துச் சுவரில் சாய்த்துப் போர்வை போட்டு மூடியிருக்கிறேன். கண்ணாடி அல்லவா, எனக்குப் பயம். "யாரோ விருந்தாளி வந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கு. எழுந்து காப்பி கேக்கப் போறாங்க" என்கிறாள் அண்ணி.

அவளுடைய ஆக்சிஜன் மெஷினுக்கு அவள் வைத்திருக்கும் பெயர் மாமியார். நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்து முனகுகிறதாம். நானும் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறேன். கரண்ட் போனால் முனகல் நின்றுவிடும். சிறிது நேரத்தில் அவள் உதடு நீலம் பூக்கத் தொடங்கும். ஆஸ்பத்திரியில் இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே மெஷின் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு வடக்கே இருக்கும் இந்த ஊரில் குளிர்காலத்தில் கரண்ட் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். நீ செய்திருக்கும் உதவி சாதாரணம் இல்லை.

உன் வரைபடத்தைப் பல தடவை படித்தேன். "பேனல்கள் வடக்கு பார்த்து இருக்க வேண்டும்" என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டிருக்கிறாய். அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டு, நகல் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. ஆயுள் முழுக்க அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவனுடைய பழக்கம். சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவதோடு எங்கள் வேலை முடிந்தது. திருத்துவது எழுதியவர் பொறுப்பு.

மொட்டை மாடியில் ஒரு குச்சியை நிறுத்தி உச்சி வேளையில் நிழல் பார்த்தேன். வடக்கே விழுந்தது. அப்படியானால் வெயில் தெற்குப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதானே ஆகிறது? குட்டை நிழல்தான். குச்சியை நான் கோணலாக நிறுத்தியிருக்கவும் கூடும்.

உன் பதில் பார்த்துத்தான் வெல்டரை வரச் சொல்வேன். போனில் பேசினால் என் காது மெஷின் விசில் அடிக்கிறது. ஆகவே கடிதமே எழுது.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்


ஜூன் 14

அண்ணனுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் சுகம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே நீங்கள் பனியனோடு விசிறிக்கொண்டிருப்பீர்கள். அண்ணிக்கு என் நமஸ்காரம். மாமியாரை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

கேள்விக்குறியைப் பார்த்தேன். சிரித்துவிட்டேன், அண்ணா. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்திலேயே கேள்விக்குறி போட்டவர் நீங்கள். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா?

நான் முப்பத்தைந்து வருஷம் மின்சாரத்தோடு குடித்தனம் நடத்தியவன். என் வீட்டுக் கூரையில் என் கையாலேயே பேனல் வைத்திருக்கிறேன், வடக்கு பார்த்து. இந்தத் தெருவில் இருக்கும் அத்தனை வீட்டிலும் வடக்கு பார்த்துத்தான். எல்லோரும் குச்சி நட்டுப் பார்க்காமலா வைத்திருப்பார்கள்? கேள்விக்குறியை ரப்பர் போட்டு அழியுங்கள்.

இன்னொன்று. உங்களுக்குக் குளிர்காலம்தான் முக்கியம். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வரும். அதனால் பேனலைப் படுக்க வைக்காமல் நன்றாக நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள், பாதிக்குப் பாதி சாய்வு. தண்ணீர்த் தொட்டியின் நிழல் மேலே விழக்கூடாது. காற்றுக்கு அசையாமல் ஸ்டாண்டின் காலைக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். வெல்டர் குறுக்கே ஏதாவது சொன்னால், என் தம்பி எஞ்சினியர் என்று சொல்லுங்கள், வாயை மூடிக்கொள்வான்.

உங்கள் கேள்விக்குறிக்கு அஞ்சாத
தம்பி


ஜூலை 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து, நீங்கள் எல்லோரும் சுகம் என்று அறிந்து நிம்மதி. அண்ணிக்கு இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை.

நீ சொன்னபடியே கேள்விக்குறியை அழித்தேன். பேனல்களையும் ஏற்றியாகிவிட்டது. ஸ்டாண்டுக்கு இரண்டு வீதம் மூன்று ஸ்டாண்டு. வெல்டர் நல்ல மனிதர், ஆனால் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்பவர். "எந்தப் பக்கம் சார் பாக்கணும்? சொல்லுங்க, எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்" என்றார். வடக்கு என்றேன். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். "என்ன சார், மாத்தணுமா?" என்று கேட்டார். இல்லை, என் தம்பி எஞ்சினியர் என்றேன். அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லைதான். காலைக் கான்கிரீட்டில் புதைத்துவிட்டார்.

அண்ணியால் படி ஏற முடியாது. கீழ்ப்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னங்க, நேரா வச்சாங்களா? கோணலா இருந்தா எஞ்சினியர் அங்கிருந்தே கத்துவார்" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நடுநடுவே மூச்சு வாங்க நிறுத்துவாள். அந்த நேரத்தில் வெல்டரும் சுத்தியலை நிறுத்திவிடுவார். நான் சொல்லாமல் அவராகவே செய்தது.

பேட்டரி சாயங்காலத்துக்குள் நிரம்பிவிடுகிறது. போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் கரண்ட் போயிற்று. தெருவே இருட்டு. நம் வீட்டில் மட்டும் மாமியார் முனகிக்கொண்டிருந்தாள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேளுங்க. இந்தச் சத்தம் இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாது" என்றாள். உனக்கு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

பஸ்ஸில் போகும்போது பேங்க் மாடியில் பேனல்கள் இருப்பதைப் பார்த்தேன். அவை தெற்கு பார்த்திருக்கின்றன போலத் தெரிந்தது. பஸ் திரும்பும்போது பார்த்ததால் எனக்குத் திசை குழம்பியிருக்கலாம்.

நன்றியுடன்
அண்ணன்


ஜூலை 30

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை இவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மாமியார் முனகிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பார்த்தீர்களா? நிரம்புகிறது! பேங்க்காரர்கள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள், சூரியனைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இல்லை. அதை விடுங்கள். போன ஞாயிறு அண்ணி பேசியபோது மூச்சு எவ்வளவு நிதானமாக இருந்தது தெரியுமா? எனக்கு அது போதும். சின்ன வயதில் எனக்கு டைஃபாய்டு வந்தபோது, புது மருமகளாக வந்திருந்தவர் விடிய விடிய என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அதற்கு நான் திருப்பிச் செய்தது என்று இன்றுவரை ஒன்றுமில்லாமல் இருந்தது.

அவசரமாக எழுதும்
தம்பி


செப்டம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அனைவரின் உடல்நிலையும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே வெயில் இறங்கிவிட்டது. அண்ணிக்குக் குளிர் காற்று ஆகவில்லை. பகலிலும் மெஷின் மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறாள்.

ஒரு விஷயம் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, எழுதாமல் இருப்பது தப்பு என்று தோன்றியதால் எழுதுகிறேன். பேட்டரி நிரம்புவதில்லை. போன மாதம் முக்கால் வந்தது. இப்போது பாதிகூட வருவதில்லை. வானம் தெளிவாகத்தான் இருக்கிறது. குச்சியை மறுபடி நிறுத்திப் பார்த்தேன். தூக்குக் குண்டு கட்டி நேராக்கியே நிறுத்தினேன். உச்சி வேளை நிழல் வடக்கே நன்றாக நீண்டுவிட்டது. பேனல் முகத்தில் வெயில் விழுகிறது, ஆனால் தடவிக்கொண்டு போவது போல விழுகிறது.

போனில் உன்னிடம் சொன்னதாக அண்ணி சொன்னாள். நீ சிரித்துவிட்டு, "அண்ணனை மாடியிலிருந்து இறங்கச் சொல்லுங்க" என்றாயாமே.

"உங்களுக்குத் தெற்குன்னு தோணினா திருப்பிடுங்களேன்" என்கிறாள் அவள். எனக்குத் தோன்றுவதை வைத்து ஒரு காரியம் செய்தால், அது தவறிப்போனால், அவளுடைய மூச்சு அல்லவா? நீ படித்தவன். வெல்டர் அடுத்த மாதக் கடைசியில் வெளியூர் வேலைக்குப் போகிறாராம். திரும்பி வர டிசம்பர் ஆகும். அதற்குள் உன் வார்த்தை வந்தால் நல்லது.

காத்திருக்கும்
அண்ணன்


அக்டோபர் 8

அண்ணனுக்கு வணக்கம்.

எல்லோரும் சுகம். அண்ணியைக் கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

தூசி, அண்ணா, தூசி! மழை இல்லாத இரண்டு மாதத்தில் பேனல் மேல் எவ்வளவு படியும்? ஒரு வாளி தண்ணீரும் மெல்லிய துணியும் எடுத்துக்கொண்டு போய்த் துடையுங்கள். காலையில், கண்ணாடி சூடாவதற்கு முன்னால். சோப்பு வேண்டாம். துடைத்த பிறகு பேட்டரி இணைப்புகளை இறுக்குங்கள். தொண்ணூறு சதவீதம் அதுதான்.

தெற்கு, தெற்கு என்று தெற்கையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். இத்தனை வருஷம் எழுத்துப் பிழை தேடித் தேடி, சூரியனிலேயே பிழை தேட ஆரம்பித்துவிட்டீர்கள். சரியாக இருக்கும் ஒன்றைப் பிரித்துப் போட்டால் திரும்பப் பூட்ட ஆள் கிடைக்காது. வெல்டர் ஊருக்குப் போகட்டும், விடுங்கள்.

கோபமாக எழுதியது போல இருந்தால் மன்னியுங்கள். தூக்கமில்லாமல் எழுதுகிறேன்.

தம்பி


நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு ஏன் தூக்கமில்லை? உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நான் நலம். அண்ணி நலம் என்று எழுத முடியவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு.

நீ சொன்னபடி துடைத்தேன். தினமும் துடைக்கிறேன். இணைப்புகளையும் இறுக்கினேன். ஒன்றும் மாறவில்லை. பகல் முழுக்க வெயில் அடித்தும் பேட்டரி கால் பங்கைத் தாண்டுவதில்லை. போன வாரம் இரண்டு தடவை கரண்ட் போயிற்று. இரண்டாவது தடவை, கரண்ட் திரும்பி வருவதற்குள் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தத் தொடங்கிவிட்டது. ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சின்ன சிலிண்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அது அரை நாளுக்குத்தான் வரும்.

நேற்று மத்தியானம் மாடிக்குப் போய்ப் பேனல்களுக்குப் பின்னால் நின்றேன். வெயில் பேனல்களின் முதுகில் அடிக்கிறது. கையை வைத்துப் பார்த்தேன், முதுகு சுடுகிறது. முன்னால் வந்து முகத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

கீழே வந்து அண்ணியிடம் சொன்னேன். "முதுகு சுடுதுன்னா அப்புறம் என்னங்க சந்தேகம்?" என்றாள். தம்பியை ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்றேன். "கேளுங்க. உங்களுக்குக் கேக்காம முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் உதவிக்கு வருவதாகச் சொல்கிறார். ஆனால் கான்கிரீட்டை உடைக்க வேண்டும். உடைத்தபின் நீ சொன்னதே சரி என்று ஆகிவிட்டால் உள்ளதும் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. தெற்கே திருப்பட்டுமா? ஒரே ஒரு வார்த்தை போதும். கடிதம் வரும்வரை காத்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை போனில் அண்ணியிடம் "திருப்பச் சொல்லுங்கள்" என்று சொன்னால், திங்கட்கிழமை காலையில் உடைத்துவிடுவேன்.

உன் சொல்லை எதிர்பார்க்கும்
அண்ணன்


நவம்பர் 23

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? என் கடிதம் உனக்குப் பத்துப் பதினைந்து நாளில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். முன்னெல்லாம் ஒரு ஞாயிறுகூடத் தவறாதவன் நீ. இரண்டு ஞாயிறாக உன் போன் வரவில்லை. இன்று அண்ணியே உனக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள்.

"எஞ்சினியருக்கு என் மேல என்ன கோபம்?" என்று கேட்கிறாள். வேலையாக இருக்கும் என்றேன். போனைத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பேனலைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத வேண்டாம். சுகமாக இருக்கிறேன் என்று இரண்டு வரி எழுது.

அண்ணன்


நவம்பர் 27

அண்ணனுக்கு வணக்கம்.

நான் சுகம்தான். இங்கே வேலை மிக அதிகம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதனால் போன் பேச முடியவில்லை. அண்ணியிடம் சொல்லுங்கள், ஒரு கோபமும் இல்லை.

பேனல் விஷயம். குளிர்காலத்துக்கு ஏற்றபடி ஒரு சிறு மாற்றம் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஸ்டாண்டுகளை முழுவதுமாகத் திருப்பித் தெற்கு பார்த்து வையுங்கள். சாய்வு அப்படியே இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் இந்தப் பருவத்தில் அது கொஞ்சம் கூடுதல் பலன் தரும். வெல்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தையல்காரரை வைத்துக்கொண்டே செய்யலாம். சீக்கிரம் செய்வது நல்லது. கூடிய சீக்கிரம்.

இரண்டு வாரத்துக்கு முன்பு இவள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டே ஒரு பேச்சு எடுத்தாள். கல்யாணமான புதிதில் உங்கள் வீட்டில் இருந்தபோது, கொடியைத் தெற்குச் சுவர்ப் பக்கம்தான் கட்டுவார்களாம், வடக்குப் பக்கம் குளிர்காலம் முழுக்க ஈரம் காயாதாம். "இங்கே வந்துதான் எல்லாம் தலைகீழ், சூரியன்கூட வடக்குப் பக்கம் போகுது" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அதை விடுங்கள், அது வேறு பேச்சு.

அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது? உடனே எழுதுங்கள்.

தம்பி


டிசம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். உன் அண்ணி போய்விட்டாள். வியாழக்கிழமை மத்தியானம். செய்தியைப் போனில் சொல்லத் தையல்காரர் முயன்றார். உன் போன் எடுக்கப்படவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் நாள் பெருங்காற்று. மரங்கள் விழுந்து கம்பிகள் அறுந்தன. புதன் சாயங்காலம் போன கரண்ட் வரவே இல்லை. பேட்டரியில் இருந்தது சாப்பாட்டு நேரம் வரைக்கும் வந்தது. பிறகு சிலிண்டரைத் திறந்தோம். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். ரோட்டில் மரத்தை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், எடுத்ததும் வருகிறோம் என்றார்கள்.

வியாழக்கிழமை காலையில் காற்று நின்று, வானம் கழுவி விட்டது போல இருந்தது. வெயில் நன்றாக அடித்தது. அவ்வளவு நல்ல வெயில் இந்தக் குளிர்காலத்தில் அதற்கு முன் அடிக்கவில்லை. மாடிக்குப் போனேன். ஆறு பேனல்களும் தங்கள் நிழலிலேயே நின்றன. பேனல்களோடு இணைத்திருக்கும் மீட்டரில் முள் அசையவில்லை.

அண்ணி கீழே இருந்து கையைக் காட்டித் தையல்காரரை என்னிடம் அனுப்பினாள். அவர் மேலே வந்து, "அம்மா உடைக்கச் சொல்றாங்க சார். உங்களை யோசிக்க வேணாம்னாங்க" என்றார். கடப்பாறையை அவர் கொண்டு வந்திருந்தார். நான் வாங்கி முதல் அடி அடித்தேன். கான்கிரீட் கெட்டியாக இருந்தது. வெல்டர் மனசாட்சியோடு போட்டிருக்கிறார். நாங்கள் இரண்டு பேருமே கிழவர்கள். ஒரு ஸ்டாண்டின் நான்கு காலையும் பெயர்க்க முற்பகல் முழுவதும் ஆயிற்று. இருவரும் தூக்கித் தெற்கே திருப்பி வைத்தோம். வைத்த உடனே மீட்டர் முள் எழுந்தது. தையல்காரர், "ஏறுது சார், ஏறுது!" என்று கத்தினார். நான் சின்னப் பையன் மாதிரி படிகளில் இறங்கி ஓடினேன்.

பேட்டரி கொஞ்சமாவது ஏறினால்தான் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கும். இரண்டே பேனல்கள்தானே. சிலிண்டர் தீர்ந்துபோயிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். "திருப்பியாச்சா?" என்று கேட்டாள். திருப்பியாயிற்று, ஏறுகிறது என்றேன். "எந்தப் பக்கம்?" தெற்கு என்றேன். தலையை அசைத்தாள்.

அதன் பிறகு மாமியார் தானாகவே முனகத் தொடங்கினாள். குழாயை மறுபடி அவள் மூக்கில் மாட்டினேன். தையல்காரர் மெல்ல என் தோளைத் தொட்ட பிறகுதான் அவசியமில்லை என்று தெரிந்தது.

நீ வர முடியாது என்று எனக்குத் தெரியும். வருந்தாதே. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


டிசம்பர் 30

அண்ணா,

எப்படி இருக்கிறீர்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? சாப்பிடுகிறீர்களா? தனியாக இருக்காதீர்கள். தையல்காரரைத் துணைக்குப் படுக்கச் சொல்லுங்கள். இவள் அழுதுகொண்டே இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதில் என்னை ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த ஞாயிறுகளில் போனைக் கையில் எடுத்தேன், அண்ணா. எடுத்துவிட்டு, அண்ணி "சொல்லுங்க எஞ்சினியர்" என்பார்களே, அதற்கு முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தேன். சிரிப்பார்கள். அவ்வளவுதான் செய்திருப்பார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கீழே வைத்தேன். அவர்களே அடித்தபோது போன் என் மேஜை மேல்தான் இருந்தது. பெயின்ட் ஒன்றும் அடிக்கவில்லை.

ஒன்றே ஒன்று மட்டும் எழுதுங்கள். தெற்கே திருப்பச் சொல்லி நான் எழுதிய கடிதம் உங்களுக்கு எப்போது கிடைத்தது? வியாழக்கிழமைக்கு முன்பா, பின்பா? காற்றில் ரோடு அடைபட்டதால் தபால் தாமதமாகியிருக்குமா?

தம்பி


ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சாப்பிடுகிறேன். தையல்காரர் வீட்டிலிருந்து ஒரு வேளை வருகிறது. உன் மனைவியை அழ வேண்டாம் என்று சொன்னதாகச் சொல். நீயும் நேரத்துக்குத் தூங்கு.

நீ கேட்டதற்குப் பதில். நவம்பர் மாதத்துக் கடிதம் வந்தது. எல்லாம் முடிந்து, வந்திருந்தவர்கள் திரும்பிப் போன மறுநாள் வந்தது. தபாலில் தாமதம் இல்லை. எப்போதும் ஆகிற நாள்தான் ஆகியிருந்தது. தபால்காரர் விழுந்த மரத்தைத் தாண்டிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

எனக்கு உன்மேல் கேள்வி ஒன்றும் இல்லை. முதுகு சுட்ட அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் உனக்குத்தான் எழுதினேன்.

வெல்டர் திரும்பி வந்துவிட்டார். கூடத்தில் அவளுடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு நேரே மாடிக்குப் போனார். மற்ற இரண்டு ஸ்டாண்டுகளையும் பெயர்த்து, மூன்றையும் தெற்கு பார்த்து வைத்துக் கொடுத்தார். நடுவில் ஒரு தடவை பழைய பழக்கத்தில் சுத்தியலை நிறுத்திவிட்டுக் கீழ்ப்படியைப் பார்த்தார். பிறகு மறுபடி அடித்தார்.

உன் வரைபடத்தைப் பெட்டியில் வைக்கும்முன் ஒரு தடவை பிரித்துப் பார்த்தேன். வடக்கு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ரப்பர் தேய்த்த இடம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. மற்றபடி நீ எழுதியது அப்படியே இருக்கிறது.

அவளுடைய போனுக்கும் சார்ஜ் போட்டுத் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அடித்தாயானால் நான் எடுக்கிறேன். எனக்குக் கேட்காது. ஆனால் எடுக்கிறேன்.

மெஷினை ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது வீட்டில் ஒரு விளக்கும் என் காது மெஷினும்தான். வெயில் நன்றாக அடிக்கிறது. தினமும் பேனல்களைத் துடைக்கிறேன். பேட்டரி மத்தியானத்துக்கு முன்பே நிரம்பிவிடுகிறது. நிரம்பிய பிறகும் சாயங்காலம் வரை கரண்ட் வந்துகொண்டே இருக்கிறது. அதை என்ன செய்வது என்று உன் கடிதங்கள் எதிலும் இல்லை. எல்லாவற்றையும் எடுத்து மறுபடி படித்துப் பார்த்துவிட்டேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

அண்ணன்